‘தண்ணி குடிச்சனீங்களோ’ என்று கேட்கிறவ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு மறித்துவிட்டார்கள். என் கடிதங்களை வாசித்துவிட்டு, எந்த இடத்தில் மூச்சு விடுகிறது என்று கேட்டு என்னுடைய இவர் சிரிப்பார். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. காலமை மருந்து போட்டேனோ என்று பெட்டியைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். ஆனாலும், ஆரம்ப காலத்தில் இந்த நாட்டுக்கு வந்த ஆட்களைப் பற்றிப் புத்தகம் போடுகிறோம், உங்களுக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றி எழுதித் தாருங்கோ என்று பிள்ளைகள் வந்து கேட்டபோது, எனக்கு வேறு ஆளே நினைவில் வரவில்லை. அவதான் வந்தா. பேர் எழுதவில்லை. எழுதுவது அவவுக்கு விருப்பமோ தெரியாது.

அவ யாரைக் கண்டாலும் முதலில் கேட்பது ஒன்றுதான். “தண்ணி குடிச்சனீங்களோ?” மற்ற ஆட்கள் சாப்பிட்டாச்சோ, ஊரிலிருந்து கடிதம் வந்ததோ, அகதிக் கேஸ் என்ன மாதிரி என்று கேட்பார்கள். அவவுக்குத் தண்ணி. குடித்தேன் என்றாலும் விடமாட்டா. எத்தனை தகரப்பேணி என்பா. இரண்டு என்றால், “காலமையிலை இருந்து ரெண்டோ” என்று உதட்டை உற்றுப் பார்ப்பா. பிறகு, பெண்களாக இருந்தால் மட்டும், கிட்ட வந்து குரலைத் தாழ்த்தி இரண்டாவது கேள்வி. “அங்காலை போட்டு வந்தனீங்களோ?” அங்காலை என்றால் கக்கூஸ்.

ஆண்கள் அவவுக்கு வாட்டர் சப்ளை என்று பேர் வைத்திருந்தார்கள். சீட்டு விளையாடிக்கொண்டிருக்கிறவர்கள் அவ வருவதைக் கண்டால், “மச்சான், வாட்டர் சப்ளை வருது, பேணியை ஒளி” என்பார்கள். அவ கோபிக்கமாட்டா. “நல்லாச் சிரியுங்கோ தம்பியவை. சிரிச்சாலும் விடாய்க்கும்” என்று சொல்லிக்கொண்டு கடந்து போவா.

கட்டையான ஆள். தலைமயிரை இறுக்கி முடிந்திருப்பா. குளிருக்கென்று கொடுத்த ஆம்பிளைக் கம்பளிச் சட்டையைச் சீலைக்கு மேலே போட்டுக் கையை முழங்கை மட்டும் சுருட்டி விட்டிருப்பா. இடுப்பில் நூலில் கட்டின ஒரு திறப்பு, அதுதான் சாவி. இந்த நாட்டுக்கு வந்து இறங்கின இடத்தில் பொலிஸ் அதைக் காட்டி என்ன திறப்பு என்று கேட்டதாம். “கக்கூஸ் திறப்பு” என்றாவாம். மொழிபெயர்க்க நின்றவருக்கு வெட்கம். வீட்டுத் திறப்பு என்று எழுதுவித்துவிட்டார். “எனக்கு வீட்டுக்குத் திறப்பு இருக்கேல்லை. கதவே தட்டிக் கதவுதான். பாவம் அந்தப் பெடியன், எனக்கு வீடு கட்டித் தந்திட்டுது” என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.

நான் அவவைக் கண்டது சோலோதுர்ன் என்ற பட்டணத்துக்குக் கிட்ட ஒரு சின்ன ஊரில். என்னுடைய இவர் எனக்கு முன்னமே வந்து டாவோஸில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். நான் வந்தபோது என்னை வேறு மாநிலத்தில் போட்டுவிட்டார்கள். பேப்பர் சரிவரும் மட்டும் அங்கேதான் இருக்க வேண்டும் என்றார்கள். காம்ப் என்றால் நிலத்துக்கு மேலே இல்லை. சண்டை வந்தால் சனம் பதுங்கவென்று இந்த நாட்டுக்காரர் ஊருக்கு ஊர் நிலத்துக்கு அடியில் கட்டி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சண்டை வரவில்லை. அதனால் சண்டைக்குத் தப்பி வந்த எங்களை அதில் விட்டார்கள். ஒரு முழம் தடிப்பான கதவு. யன்னல் கிடையாது. ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று தட்டுக் கட்டில்கள். குறை சொல்லவில்லை, சூடு இருந்தது, பாண் இருந்தது, பால் இருந்தது. செல், குண்டு ஒன்றும் விழாது.

முழுக்க ஆம்பிளைகள். பெண்கள் நாங்கள் மூன்று பேர்தான். அவ, நான், கைக்குழந்தையோடு வந்த ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளை இப்போது லோசானில் இருக்கிறா, அவவுக்கும் மூட்டு வருத்தம் வந்துவிட்டது. எங்கள் மூன்று பேருக்கும் ஒரு மூலையில் தனி அறை தந்தார்கள். கக்கூஸ் மற்ற மூலையில். போவதென்றால் ஆம்பிளைகள் படுக்கிற மண்டபத்துக்கு நடுவால் போக வேண்டும். போனாலும் கதவில்லை. வரிசையாக மூன்று, ஒவ்வொன்றுக்கும் ரெக்சின் சீலை தொங்கும். அது முழங்காலோடு நின்றுவிடும்.

அந்தப் பெடியங்கள் கூடாதவர்கள் இல்லை. ஒரு சொல் தப்பாகச் சொன்னதில்லை. நான் போகிறபோது சீட்டை வைத்துவிட்டு நிலத்தைப் பார்ப்பார்கள். நிலத்தைப் பார்த்தால், நான் எங்கே போகிறேன் என்று அவர்களுக்குத் தெரியும் என்றுதானே அர்த்தம். எனக்கு உடம்பெல்லாம் கூசும். வந்த முதல் நாளே ஒரு வழி கண்டுபிடித்தேன். தண்ணி குடிக்காமல் விட்டால் போகத் தேவையில்லை. காலமை அரைப் பேணி தேத்தண்ணி, பின்னேரம் சோற்றோடு இரண்டு மிடறு. அவ்வளவுதான். இது என்னுடைய கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். லோசான் பிள்ளையும் அதையேதான் செய்துகொண்டிருந்தா என்பது பிறகுதான் தெரியும். பால் வற்றிக் குழந்தை அழுதபோது அவதான் விஷயத்தைக் கண்டுபிடித்தா. “குழந்தைக்குப் பசியில்லை பிள்ளை, உமக்குத்தான் விடாய்” என்றா.

இனி எழுதப் போவதை எழுதத்தான் வேண்டும்.

எங்கடை சனம் எங்கே போனாலும் இரண்டு நாளுக்குள் ஒன்றை விசாரித்து எடுத்துவிடும். எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி, ஆருக்குச் சொந்தம். நாலாவது கேள்வியில் சாதி வந்துவிடும். அவவிடம் நாலு கேள்வி தேவைப்படவில்லை. அவவே சொல்லிவிட்டா. யாழ்ப்பாணம் ரவுணில், பட்டணத்துக்குள்ளே, ஒரு பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் கழுவி, கூட்டித் துடைக்கிற வேலை. தாயும் அதே பள்ளிக்கூடத்தில் அதே வேலை.

ஞாயிற்றுக்கிழமை இவர் டெலிபோனில் கதைப்பார். விஷயம் கேள்விப்பட்டு, “ஒரு அறையிலையோ படுக்கிறாய்? சரி, அகதியா வந்த இடத்திலை என்ன செய்யிறது. சாப்பாடு தண்ணியை மட்டும் நீயே எடு” என்றார். நான் ஓம் என்றேன். அவர் சொல்லாவிட்டாலும் நான் அப்படித்தான் இருந்திருப்பேன். இப்போது அவர் இல்லை, பழியை அவர் தலையில் போட விருப்பமில்லை. அவ என்னைவிடப் பத்து வயது கூட. நான் அவவை ஒரு நாளும் அக்கா என்று கூப்பிடவில்லை. “இஞ்சை பாருங்கோ” என்பேன்.

வந்து ஐந்தாறு நாளிருக்கும். அவ ஒரு பேணியில் தண்ணி கொண்டுவந்து என் முன்னால் நீட்டினா.

“குடியுங்கோ பிள்ளை. உதடு வெடிச்சுக் கிடக்கு.”

“இப்ப விடாய் இல்லை” என்றேன்.

அவ என் முகத்தைப் பார்க்கவில்லை. பேணியைப் பார்த்தா. பிறகு அதைத் தானே குடித்துவிட்டு, கழுவிக் கவிழ்த்தா. அடுத்த நாளிலிருந்து எனக்கென்று ஒன்றும் கொண்டுவரவில்லை. அங்கே முகம் கழுவ மாட்டுக்குத் தண்ணி வைக்கிற தொட்டி மாதிரி ஒரு நீளத் தகரத் தொட்டியும், அதற்கு மேல் வரிசையாகப் பைப்புகளும் இருந்தன. அதற்குப் பக்கத்தில் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பா. “நீங்களே திறவுங்கோ, நீங்களே பிடிச்சுக் குடியுங்கோ. நான் சும்மா நிக்கிறன்” என்பா. குத்திக் காட்டிச் சொல்லவில்லை. குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்லுவா. எனக்கு அதுதான் இன்னும் கூச்சம். அதனால் இன்னும் குறைத்துக் குடித்தேன்.

ஒருநாள் சமையலுக்கு உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடத்துக் கதையை அப்போதுதான் சொன்னா. சண்டை ரவுணுக்குள் வந்தபோது சுற்றுவட்டாரச் சனம் எல்லாம் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் ஓடி வந்தார்களாம். அதிபர் இல்லை, திறப்புக் கோர்வை அவவிடம். வகுப்புகளைத் திறந்து விட்டா. ஆறு கக்கூஸில் இரண்டைப் பெண்களுக்கென்று பூட்டித் திறப்பை இடுப்பில் கட்டிக்கொண்டா.

“சண்டை எண்டால் தூரத்திலை எங்கையோ நடக்கிறதில்லைப் பிள்ளை. ஒழுங்கைக்கு ஒழுங்கை. இந்தச் சந்தியிலை ஒரு பகுதி, அந்தச் சந்தியிலை மற்றப் பகுதி. நடுவிலை கிணறு. ஆம்பிளையள் வெளிக்கிட்டால் சுடுவாங்கள். நான்தான் வாளியோடை போறது. பொம்பிளை எண்டு விட்டாங்களோ, ஒரு ரவுண்ஸ் வெடி செலவழிக்க நான் காணாது எண்டு விட்டாங்களோ, தெரியாது.”

“அப்ப தண்ணி போதாமல் போச்சோ?” என்று கேட்டேன்.

“தண்ணி கிடந்தது. குடிக்கேல்லை” என்றா. “கொஞ்சப் பேர், அவ்வளவு சனத்துக்கு முன்னாலை எழும்பிப் போக வெட்கத்திலை. கொஞ்சப் பேர், வாளி என்ரை கையாலை வந்தது எண்டு. எங்கடை பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒராளும் வந்து இருந்தவ. நல்ல மனுசி. எனக்குக் கையெழுத்துப் போடப் பழக்கினது அவதான். நான் பேணியிலை விட்டுக் குடுக்க, ‘வேண்டாம் பிள்ளை, நான் விரதம்’ எண்டா. அடுத்த நாளும் விரதம். மூண்டாம் நாள் காய்ச்சல், வாய்க்கு வந்தபடி புசத்தல். மேசை ஒண்டைக் கவிட்டு அதிலை கிடத்தி ஆஸ்பத்திரிப் பக்கம் கொண்டு போச்சினம்.”

“பிறகு?”

“பிறகு அந்த மேசை மட்டும் வந்தது.”

அவ ஒரு கிழங்கைச் சீவி முடித்துத் தண்ணிக்குள் போட்டா. “நான் கட்டாயப்படுத்தியிருக்கலாம். வாயைப் பிளந்து ஊத்தியிருக்கலாம். ரீச்சர் எண்டு பயந்திட்டன்” என்றா. கோபம் துளியும் இல்லை. தன்னிலேயே பிழை பிடித்துக்கொண்டிருந்தா. நான் அடுத்த கிழங்கை எடுத்துச் சீவினேன். ஊரில் நானும் இப்படி எத்தனை விரதம் பிடித்திருப்பேன் என்று அவவுக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொரு நாள், வந்து பழைய ஆட்களாகிவிட்ட எங்கடை ஆட்கள் சிலர் பேர்ணிலிருந்து வந்தார்கள். ஊரில் இடம்பெயர்ந்து பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் இருக்கிற சனத்துக்குச் சாமான் சேர்த்து அனுப்பப் போவதாகச் சொன்னார்கள். என்ன அனுப்பலாம் என்று பெரிய கூட்டம். ஒருவர் பால்மா என்றார், ஒருவர் மருந்து என்றார், ஒருவர் குளிர்ச்சட்டை கனக்கக் கிடக்குது என்றார். அவ பின்னால் நின்று, “மூடியோடை வாளி அனுப்புங்கோ” என்றா.

“வாளியோ?”

“ஓம். வாளி, சவுக்காரம், பழஞ்சீலைத் துணி. பிறகு கதவுக் கொண்டி.”

“அக்கா இரும்புக்கடை போடப் போறாபோலை” என்று ஒருவர் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். கொண்டி என்றால் கதவுக்கு உள்ளே போடுகிற தாழ்ப்பாள். அவ சிரிக்காமல் நின்றா. “கொண்டி இல்லாத இடத்திலை பொம்பிளையளுக்கு வருத்தம் வரும் தம்பி. பிறகு நீங்கள் மருந்து அனுப்ப வேண்டி வரும்” என்றா. அவர்கள் தாளில் என்ன எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது.

எனக்கு அப்போதே வருத்தம் தொடங்கிவிட்டது. அடிவயிற்றில் பிடிப்பு, போகும்போது நெருப்பாக எரியும், பின்னேரத்தில் குளிர் நடுக்கம். ஒருவருக்கும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, ஆருக்குச் சொல்வது. அந்தக் கிழமைதான் உதவி அலுவலகத்திலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தா. நரைத்த கட்டைத் தலைமயிர், நல்ல சாந்தமான முகம். அகதிகளுக்கு என்னென்ன தேவை என்று கேட்டு எழுதுகிற வேலை அவவுக்கு. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு எங்கடை தம்பி.

சாப்பாட்டு மேசையில் எங்கள் மூன்று பேரையும் இருத்திக் கேட்டா. நித்திரை கொள்கிறீர்களா, போர்வை காணுமா, சாப்பாடு ஒத்துவருகிறதா, உடம்பு சுகமா. தம்பி எல்லாவற்றையும் வடிவாகத் தமிழில் சொன்னார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “ஒரு குறையும் இல்லை” என்றேன். லோசான் பிள்ளையும் “ஒரு குறையும் இல்லை” என்றா. ஒரு பெடியனிடம் வாயைத் திறந்து, கக்கூஸுக்குக் கதவில்லை, எனக்கு அடிவயிறு எரிகிறது என்று எப்படிச் சொல்வது? அதோடு, கேட்டவுடனே இது வேண்டும் அது வேண்டும் என்று சொல்வது எங்கடை பழக்கமும் இல்லை. மூன்று தரம் கேட்டால்தான் வாயைத் திறப்போம். அந்த அம்மா ஒரு தரம்தான் கேட்டா. குறையில்லை என்று எழுதிப் பேனையை மூடினா.

எங்களோடு இருந்த அவவும் குறையில்லை என்றுதான் சொல்லியிருந்தா. பிறகு, “தம்பி, அந்த அம்மாவை ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்கோ” என்றா.

பெரிய பேணியில் தேத்தண்ணி வந்தது. கூடவே பாணும் சம்பலும், செத்தல் மிளகாய் சிவக்கச் சிவக்க. அந்த அம்மா ஒரு வாய் வைத்துக் கண் கலங்கினா. உடனே ஒரு பேணி தண்ணி. பிறகு இன்னொரு தேத்தண்ணி. அவர்கள் பழக்கத்தில், தந்ததை வேண்டாம் என்பது மரியாதையில்லைப் போலும். “மெர்சி, மெர்சி” என்று நன்றி சொல்லி வாங்கி வாங்கிக் குடித்தா. ஆருடைய கை என்று ஒரு தரமும் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது பேணியோடு அந்த அம்மா கதிரையில் அசைந்தா. தம்பியிடம் மெதுவாக ஏதோ கேட்டா. தம்பி சிவந்து போய், “அக்கா, அவ… கை கழுவவேணுமாம்” என்றார்.

“அதுக்கென்ன, வரச் சொல்லுங்கோ” என்று அவ எழும்பி அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டா. நேரே கூட்டிப் போகவில்லை. மண்டபத்தின் நடுவால், ஒவ்வொரு கட்டிலாகக் காட்டிக் காட்டி, ஆறுதலாக, மெள்ள மெள்ளக் கூட்டிப் போனா. ஆம்பிளைகள் மரியாதைக்கு எழும்பி நின்றார்கள். அதனால் இன்னும் மோசம், இரண்டு பக்கமும் வரிசையாக ஆட்கள் நிற்க நடுவால் அந்த அம்மா போகிறா. நாங்கள் இரண்டு பேரும் பின்னால். அந்த அம்மா ரெக்சின் சீலையைப் பிடித்து, எங்கே கதவு என்று தேடினா. மேலும் கீழும் பார்த்தா. எங்களைத் திரும்பிப் பார்த்தா. அவ அந்தச் சீலைக்கு முன்னால் திரும்பி நின்று, தன் சீலைத் தலைப்பை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தா. முகத்தில் சிரிப்பில்லை.

வெளியே வந்த அந்த அம்மா தொட்டியடியில் கனநேரம் கை கழுவினா. மேசைக்கு வந்து அந்தத் தாளைத் திரும்பவும் எடுத்தா. தம்பியை மேலே போய் ஒரு சிகரெட் பிடிக்கச் சொன்னா. பிறகு பாஷையில்லாமல், கையாலும் முகத்தாலும் எங்களிடம் கேட்டா. இந்த முறை கனக்கத் தரம் கேட்டா. லோசான் பிள்ளை அழுதுவிட்டா. அவ என்னைக் காட்டி, என் நெற்றியில் கை வைக்கப் போய், தொடாமல் நிறுத்தி, அந்த அம்மாவின் கையை எடுத்து என் நெற்றியில் வைத்தா. அந்த அம்மா திடுக்கிட்டுப் போனா.

அன்றைக்கே என்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். சிறுநீரகம் வரைக்கும் கிருமி ஏறிவிட்டது, இன்னும் நாலு நாள் போயிருந்தால் ஒன்று பழுதாகியிருக்கும் என்றார்களாம். நான் அங்கே கிடக்கும்போதே காம்பில் தச்சன் வந்து பலகைக் கதவுகள் போட்டு, உள்ளே கொண்டியும் வைத்தானாம். ஒரு கக்கூஸைப் பெண்களுக்கென்று பிரித்து, போக வேறு வழியும் திறந்துவிட்டார்களாம்.

மூன்றாம் நாள் அவவும் லோசான் பிள்ளையும் பஸ் ஏறி என்னைப் பார்க்க வந்தார்கள். கனக்கக் குடிக்க வேண்டும் என்று சொல்லி நேர்ஸ் ஒரு கண்ணாடிச் சாடியில் தண்ணி வைத்திருந்தா. எழும்பி எடுக்க எனக்குச் சீவனில்லை, கையில் ஊசி. அங்கே நானே திறக்கப் பைப் இல்லை. அவ கொஞ்ச நேரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றா. பிறகு சாடியை எடுத்து ஊற்றி, கிளாசை என் வாயடிக்குக் கொண்டுவந்தா. “நான் ரீச்சருக்குச் செய்யாததை உங்களுக்குச் செய்யப்போறன். கோபிச்சால் கோபியுங்கோ” என்றா.

நான் குடித்தேன். வெதுவெதுப்பான தண்ணி. பாதி கழுத்தில் வழிந்தது. குடித்துவிட்டு அவவை அக்கா என்றும் கூப்பிட்டேன். இவ்வளவு காலமும் எனக்கு அப்படித்தான் நினைவு. அடுத்த மாதம் அவவை வேறு மாநிலத்துக்கு மாற்றினார்கள், நான் டாவோஸுக்குப் போனேன், பிறகு காணவில்லை.

இதை எழுதி முடித்து லோசான் பிள்ளைக்கு டெலிபோனில் வாசித்துக் காட்டினேன். எல்லாம் சரி என்றா. கடைசி இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னா. பிறகு, “அக்கா, நீங்கள் குடிக்கேல்லை” என்றா. “வாயை மூடிக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினீங்கள். தண்ணி கழுத்தாலை ஓடினது. நேர்ஸ் வந்து துடைச்சுப்போட்டு வேறை விட்டுத் தந்தா. அதைத்தான் குடிச்சனீங்கள்.”

என் மறதியைப் பற்றி முதலிலேயே சொன்னேன். லோசான் பிள்ளைக்கும் வயது போய்விட்டது, அவவுக்குத்தான் மாறி நினைவோ தெரியாது. அச்சில் போட முன்னம் பிள்ளைகள் ஆராவது இதைச் சரி பார்க்க வேண்டும். எங்கேயாவது தண்ணி தந்த அவ உயிரோடு இருந்தால் கேளுங்கோ, அவ சொல்கிறபடி எழுதிவிடுங்கோ. ஆனால் கேட்டது நான் என்று சொல்ல வேண்டாம். சொன்னால், எனக்காக, “குடிச்சவதானே” என்றுதான் சொல்லுவா.